சேதாரக் கணக்கில் தெரிந்த நோய்: சேலம் கொலுசுப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் ஒன்பது பேர் வேலை செய்யும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் 2025 மார்ச் முதல் டிசம்பர் வரை, ஒரு தொழிலாளிக்கு வந்த மனச்சோர்வு நோயைச் சுற்றி நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் அங்கே கணக்கு பார்ப்பவன். மனநலம் படித்தவன் அல்ல. இதில் வரும் தவறுகளில் பாதி என்னுடையவை. சம்பந்தப்பட்டவரிடம் முழுவதையும் படித்துக் காட்டி, அவர் சொன்ன இரண்டு திருத்தங்களைச் செய்த பிறகே வெளியிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை நான் கூப்பிடுவது போலவே 'அண்ணன்' என்று குறிப்பிடுகிறேன்.

பட்டறையும் எடைக் கணக்கும்

கொலுசு வேலை தெரியாதவர்களுக்கு இது கொஞ்சம் விளங்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். நாங்கள் உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோர்த்து, பற்றவைத்து, சலங்கை கட்டி, மெருகு போட்டுத் திரும்ப எடை போட்டுக் கொடுப்போம். கொடுத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் குறைவதுதான் சேதாரம். அராவும்போது உதிர்வது, நெருப்பில் போவது எல்லாம் அதில் அடக்கம். பற்றவைக்கும் வேலைக்கு எங்கள் பட்டறையில் கிலோவுக்கு 8 கிராம் வரை ஒத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் கூலியில் பிடித்தம்.

சேதாரம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் எப்போதும் நின்றுகொண்டிருக்கும்: திருட்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் தராசு முன்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

2025 தொடங்கும்போது வெள்ளி கிராம் 100 ரூபாய்க்கு அருகில் இருந்தது. தீபாவளி நெருங்கும்போது ஏறக்குறைய இருமடங்கு. விலை ஏறினால் பட்டறைக்கு லாபம் என்று வெளியே நினைப்பார்கள். எங்களுக்குக் கூலி எடைக்குத்தான். விலை ஏறினால் கனமான கொலுசு வாங்குவோர் குறைவார்கள், ஆர்டர் சுருங்கும், குறையும் ஒவ்வொரு கிராமும் முதலாளி கண்ணில் பெரிதாகத் தெரியும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் எங்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது. படுத்தால் கூலி இல்லை.

அண்ணனுக்கு வயது 43. பற்றவைப்பில் 19 வருடக் கை. பொடி வைத்து, வெங்காரம் தொட்டு, அவர் நெருப்பைக் காட்டினால் இணைப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. அவருடைய சேதாரம் கிலோவுக்கு 5, 6 கிராம். புதுப் பையன்களை அவர் பக்கத்தில்தான் உட்கார வைப்போம்.

மார்ச், ஏப்ரல்: பேரேட்டில் பார்த்தது

மார்ச் இரண்டாம் வாரம் அவர் கணக்கில் கிலோவுக்கு 11 கிராம் குறைந்தது. ஏதோ ஒரு வாரம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் 14. ஏப்ரலில் ஒரு வாரம் 17.

எடை மட்டுமல்ல. ஒரு ஜோடியில் வலது கொலுசுக்கு 23 சலங்கை, இடதுக்கு 22. வியாபாரி திருப்பி அனுப்பினார். இரண்டு தடவை நெருப்பு அதிகமாகி வளையமே உருகி உருண்டையாகிவிட்டது. 19 வருடத்தில் அவர் கையில் நான் அதைப் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு வருபவர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். டீ குடிக்க எல்லோரும் வெளியே போகும்போது இவர் மட்டும் பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவும் என் கண்ணில் பட்டது. நான் படித்த விதம்தான் வேறு. லேட், பேச்சுக் குறைவு, முகம் பார்க்காமல் எடை போடுவது: மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

முதல் முடிவு: சோதனை

முதலாளியிடம் பேரேட்டைக் காட்டினேன். அவர் எனக்குச் சித்தப்பா முறை, கோபக்காரர் இல்லை. "நம்ம ஆளுதான், ஆனா கடன் இருக்குது" என்றார். அண்ணன் மகளின் காலேஜ் ஃபீஸுக்காக ஃபைனான்ஸில் வாங்கியிருந்தது எங்களுக்குத் தெரியும். வாரா வாரம் தவணை. அதனால் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து அவர் வெள்ளியை மட்டும் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை எடை போட்டோம். கிளம்பும்போது பாக்கெட்டையும் சாப்பாட்டுப் பையையும் பார்ப்போம். கூடுதல் சேதாரத்தைக் கூலியில் பிடித்தோம்.

அப்போது நான் கவனித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "பிடிச்சுக்கோங்க தம்பி, எம்மேலதான் தப்பு இருக்கும்" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் அரை கிராம் கணக்குத் தப்பென்று என்னோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்ற மனிதர் அவர். பணிவு என்று நினைத்துக்கொண்டேன். எல்லாக் குற்றமும் தன்னுடையதே என்று தோன்றுவது மனச்சோர்வு நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று என்று பின்னால் டாக்டர் சொன்னபோது எனக்கு அந்த வாசகம்தான் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டு டப்பா

விஷயத்தை முதலில் சரியாகப் பார்த்தவர் வளையம் கோர்க்கும் அக்கா. மே மாதம் ஒரு நாள், பை சோதனை முடிந்து அண்ணன் போன பிறகு, என் மேசைப் பக்கம் வந்தார். "தம்பி, பையப் பாத்தீங்களே, டப்பாவத் தெறந்து பாத்தீங்களா?"

திறந்துதான் பார்த்தேன். வெள்ளி இல்லை என்று மூடிவிட்டேன்.

"சோறு அப்படியே இருந்துச்சா இல்லையா? ரெண்டு மாசமா அப்படியேதான் வீட்டுக்குப் போகுது. திருடறவன் சோறு திங்காம இருப்பானா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளி தேடிய கண்ணுக்கு நிறைந்த டப்பா தெரியவே இல்லை.

மலைக்கு அனுப்பியது

முதலாளியிடம் சொன்னேன். அவருக்கும் மனசு இளகியது. "நைட் வேலை ஜாஸ்தியாப் போச்சு, நாலு நாள் மலைக்காத்து பட்டா சரியாயிடுவான்" என்று அண்ணனைக் குடும்பத்தோடு ஏற்காட்டில் இருந்த அவர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். மே கடைசி, கோடை விழா நேரம். வேலைக் களைப்பு என்பதுதான் அப்போதைய எங்கள் முடிவு. கெட்ட முடிவு என்று சொல்லமாட்டேன். வெறும் களைப்பாக இருந்திருந்தால் அது போதுமானதாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தவர் முன்னைவிட வாடியிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கரையில் உட்கார்ந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யல. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு மட்டும் ஏன் எதுவுமே ஒட்டலைன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வேலைக் களைப்புக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச் சலிப்பை (பர்ன் அவுட்) தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது, அதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலை தொடர்பான ஒரு நிலை என்றுதான் குறித்தது. வேலையிலிருந்து விலகினால் அது தணியலாம். அண்ணனுக்கு இருந்தது அவரோடு மலை ஏறி, அவரோடு இறங்கி வந்தது.

ஜூன் முதல் வாரம்

டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். முதல் ஐந்து நிமிடம் நான் பேசியதெல்லாம் வீண். தைரியமா இருங்கண்ணா, எல்லாருக்கும் கஷ்டம் இருக்குது, இந்த மாதிரி. அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அப்புறம் தூக்கம் எப்படி என்று கேட்டேன். அங்கேதான் வாய் திறந்தது. மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், அதன் பிறகு தூக்கம் கிடையாது. விடியும் நேரம்தான் இருப்பதிலேயே கொடுமை, சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. நெஞ்சு கனம். தலை பாரம். வயிற்றில் ஏதோ உருளுவது போல. மார்ச் மாதமே தெருவில் இருந்த ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்து, கேஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் சத்து ஊசி. வீட்டில் யாரோ செய்வினை என்று சொல்லி, குலதெய்வக் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவியைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவர் கயிறு கட்டினார், நான் பாக்கெட்டைச் சோதித்தேன். எது மேல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

'மனசு சரியில்லை' என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எல்லாம் உடம்பு மொழியில்தான் வந்தது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் அதற்கான சிகிச்சைக்கே வருவதில்லை. அண்ணன் மூன்று மாதம் அந்த 85-இல்தான் இருந்தார், அதுவும் டாக்டர்களுக்குப் பணம் கட்டிக்கொண்டே.

அன்று மாலை பட்டறை மாடியிலிருந்து 14416-க்கு அடித்தேன். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "சாகணும்னு தோணுதான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை என்றேன். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். அப்படி ஆகாது, நேராகக் கேட்பதுதான் ஆளுக்கு ஆறுதல், சுற்றி வளைக்காமல் கேளுங்கள் என்றார்.

மறுநாள் காலை கேட்டேன். வார்த்தை தொண்டையில் சிக்கியது. அண்ணன் ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "செய்யணும்னு இல்ல தம்பி. தூங்கறவன் எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தெனம் தோணுது." சொன்ன பிறகு மூச்சு விட்டார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

அன்றே இரண்டு காரியம் செய்தோம். மெருகு அறையில் இருந்த நச்சு ரசாயனங்களை இரும்பு அலமாரிக்கு மாற்றிப் பூட்டி, சாவியை முதலாளி வைத்துக்கொண்டார். வெள்ளியை பீரோவில் பூட்டும் நாங்கள் அதை இத்தனை வருடம் திறந்த அலமாரியில் வைத்திருந்தோம். இரண்டாவது, அவர் மனைவிக்குச் சொல்லி, அண்ணனைத் தனியாக விடாமல் மூன்று பேருமாக ஜி.எச். என்ற அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

ஜி.எச்.

பைத்தியத்துக்குப் பார்க்கும் இடம் என்று வாசலில் ஒரு தயக்கம். உள்ளே இருந்தவர்களோ எங்களைப் போன்றவர்கள்தான்: ஒரு கல்லூரிப் பெண், தறி ஓட்டும் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய்.

கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி உள்ள பி.எச்.கியூ-9 என்ற படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். மொத்தம் 27; அவருக்கு 19 வந்தது. அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை சோதித்தார்கள். என்ன வேலை, எந்தப் புகை, எந்த ரசாயனம் என்று டாக்டர் விசாரித்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டபோதுதான், அவர் அப்பாவும் நடு வயதில் ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது வெளியே வந்தது. கடனால்தானே இது வந்தது என்று அவர் மனைவி கேட்டார். கடன் ஒரு சுமை, ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, உடம்பின் வாகும் சேர்ந்துதான் என்றார் டாக்டர்.

மாத்திரை பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதலில் குமட்டல் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் ஒன்பதாம் நாளே நின்றிருக்கும். அன்று, குமட்டலும் தீரவில்லை தூக்கமும் வரவில்லை, பழகிப்போகிற மாத்திரை என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்தினார்கள் என்று நிறுத்தப் பார்த்தார். இது தூக்க மாத்திரை போல் போதையாகப் பழகுவதல்ல. ஆனால் குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நினைத்தபோது நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துக் காட்டினேன். தொடர்ந்தார்.

வேலையில் செய்த மாற்றங்கள்

இங்கேயும் முதலில் சொதப்பினோம். நெருப்பு வேலை வேண்டாம், பாரம் குறையட்டும் என்று அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினோம். கூலி குறைந்தது. அதைவிட, திருடியதால்தான் நெருப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பட்டறையில் பேச்சு. 19 வருடக் கைக்காரரைப் பிளாஸ்டிக் கவரில் ஸ்டிக்கர் ஒட்ட வைத்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது, அதுவும் அக்கா சொல்லி.

இந்தத் தடவை அவரையே கேட்டோம். திரும்பப் பற்றவைப்புக்கே வந்தார், பாதி எடையோடு. காலைதான் அவருக்குக் கடினம் என்பதால் பத்தரைக்கு வந்தால் போதும். இரவு வேலை கிடையாது. எடை போடுவது ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி, காலை, மாலை மட்டும். பை சோதனை யாருக்கும் இல்லை.

மற்றவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "தைராய்டுன்னு சொல்லுங்க தம்பி" என்றார். தைராய்டு சோதனையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் நோயைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பது அவர் முடிவு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்வது மருத்துவமனைக்கு; பட்டறைக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று நினைத்தேன். நான் 'உடம்பு சரியில்லை' என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

மண்ணில் இருந்த வெள்ளி

ஒவ்வொருவரும் மாலையில் தன் இடத்தைத் தூரிகையால் கூட்டி, உதிர்ந்த அராவல் பொடியைத் தட்டில் சேர்த்துத் திருப்பித் தருவது வழக்கம். அதில் தப்பிப் பொதுக் குப்பையில் சேரும் மண்ணை மூட்டை கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுப்போம்.

ஜூலையில் கொடுத்த மூட்டையில் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 90 கிராம் அதிகமாக வந்தது. மார்ச்சிலிருந்து அவர் சரியாகக் கூட்டவே இல்லை. குனிந்து, விளக்கைத் தாழ்த்தி, பலகை இடுக்கில் தூரிகையை விட்டு எடுக்கும் அந்தப் பத்து நிமிட வேலைக்கு அவரிடம் தெம்பு இல்லை. காணாமல் போனதில் பெரும்பகுதி அவர் காலடியிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் தேடியது பாக்கெட்டில்.

முதலாளியிடம் இதைக் காட்டியபோது நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிடித்த பணம் முழுவதையும் திருப்பித் தரவேண்டும் என்றேன். பட்டறை என்ன தர்ம சத்திரமா என்று ஆரம்பித்து, மண்ணில் கிடைத்த அளவுக்கான பணத்தைத் தருவது என்று முடிந்தது. மீதி இன்னும் பாக்கி நிற்கிறது. எனக்கு இதில் திருப்தி இல்லை.

ஜூலை முதல் டிசம்பர் வரை

ஜூலை முதல் வாரத்தில் ஐந்து மணி வரை தூங்கினார். டப்பா பாதி காலியாகத் திரும்பியது, அப்புறம் முழுக் காலி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்வந்து எல்லோருக்கும் பொரி கொடுத்தார். சேதாரம் ஜூலையில் 11, ஆகஸ்டில் 9, செப்டம்பரில் 7.

தீபாவளி நெருக்கத்தில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார். யாருக்கும் தெரியாது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் பேரேட்டில் 12 வந்தது. இந்தத் தடவை தராசைத் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணா, தூக்கம் எப்படி இருக்குது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மூன்று மணிக்கு முழிப்பு திரும்ப வந்திருந்தது. மறுநாளே ஜி.எச். போனார், நான் கூடப் போகத் தேவைப்படவில்லை.

டிசம்பரில் முழு எடையில் பாதிக்கு மேல் செய்தார். ஃபைனான்ஸ் தவணை குறையவில்லை, வெள்ளி விலையும் இறங்கவில்லை. டாக்டர் 2026 நடுப்பகுதி வரையாவது மாத்திரை வேண்டும் என்றார்.

இப்போது மாற்றியிருப்பவை

பேரேட்டில் ஒருவர் கணக்கு இரண்டு வாரம் தொடர்ந்து மாறினால், பிடித்தம் போடுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசுவது என்று வைத்திருக்கிறோம். தூக்கம், சாப்பாடு, உடம்பு என்றுதான் ஆரம்பிக்கிறேன். 'மனசு எப்படி இருக்கு' என்று ஆரம்பித்தால் எங்கள் ஊரில் யாரும் பதில் சொல்வதில்லை. 14416 எண்ணை வெள்ளி விலை எழுதும் பலகையின் மூலையில் எழுதியிருக்கிறோம். விலை பார்க்கத் தினமும் எல்லோரும் அங்கே வருவார்கள். ரசாயன அலமாரிப் பூட்டு தொடர்கிறது. இரவு வேலையை நிறுத்த முடியவில்லை, வாரத்துக்கு இரண்டு இரவு என்று மட்டும் குறைத்திருக்கிறோம்.

சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. பை சோதனையை ஜூனிலேயே எடுத்துவிட்டோம். அண்ணன் இன்றைக்கும் கிளம்பும்போது என் மேசை முன்னால் ஒரு நொடி நின்று, சட்டைப் பாக்கெட்டின் உள்துணியை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் படி இறங்குகிறார். வேண்டாம்ணா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் தம்பி" என்கிறார்.